சத்தம் முதலில், படம் பிறகு

மட்டக்களப்பு வாவிக்கரை ஊரான களுவாஞ்சிகுடியில் நாங்கள் குடியிருக்கும் ஒழுங்கையில் கிரிக்கெட் பார்ப்பதற்கு ஒரு வரிசை உண்டு. இலங்கை அணி ஆடும் இரவில் ஒரு விக்கெட் விழுந்தால், முதற் கூச்சல் ஒழுங்கை முனையில் இருக்கும் தையற்கார அக்காவின் வீட்டிலிருந்து எழும். அவர்கள் வீட்டில் இருப்பது கமுகந்தடியில் கட்டிய பழைய அன்டெனாவும் ஒரு பழைய பெட்டியும் மட்டுமே. சில வினாடிகள் கழித்து டிஷ் பூட்டிய எதிர்வீட்டில் கைதட்டல் கேட்கும். அதற்கும் பிறகு, சில நாட்களில் அரை நிமிடம் கழித்து, என் மகன் கையிலிருக்கும் தொலைபேசியில் அதே பந்துவீச்சாளர் ஓடிவரத் தொடங்குவார். அவர் ஓடிவரும்போதே விக்கெட் விழப்போகிறது என்பது பையனுக்குத் தெரிந்திருக்கும். எங்கள் ஒழுங்கையில் ஆகப் புதிய கருவியை வைத்திருப்பவன்தான் ஆகப் பழைய செய்தியைப் பார்க்கிறான் என்று அவனைக் கேலி செய்வது எனக்கு ஒரு பொழுதுபோக்கு.

இதற்குக் காரணம் விளங்காத ஒன்றல்ல. அன்டெனாவுக்கு வரும் அலை மலையுச்சியிலிருந்து நேராக வருகிறது. டிஷ்ஷுக்கு வருவது பூமியிலிருந்து ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்தில் நிற்கும் செய்மதிக்கு ஏறி இறங்குகிறது. அந்தப் பயணத்துக்குக் கால் வினாடிதான் ஆகும் என்றாலும், படத்தைச் சுருக்கி அனுப்பவும் சுருக்கியதை விரிக்கவும் மேலும் சில வினாடிகள் போகின்றன. இணையவழி வருவதோ சில வினாடி நீளமுள்ள துண்டுகளாக வெட்டப்பட்டு, பல சேவையகங்களைக் கடந்து, தொலைபேசியில் இரண்டு மூன்று துண்டுகள் சேர்ந்த பின்னரே ஓடத் தொடங்குகிறது. ஆட்டம் ஒன்றுதான். அது வந்து சேரும் வழியைப் பொறுத்து அயலவர்கள் வெவ்வேறு நேரங்களில் மகிழ்கிறார்கள். இந்த நேர வேறுபாட்டை யோசிக்கத் தொடங்கியபோதுதான், விளையாட்டு எங்களிடம் வந்து சேர்ந்த வழிகளைப் பற்றி எழுதவேண்டும் என்று தோன்றியது.

நான் பிறந்து வளர்ந்தது வாவிக்கு அக்கரையில், படுவான்கரையில் உள்ள பழுகாமத்தில். 1996 மார்ச் 17, ஞாயிற்றுக்கிழமை, லாகூரில் உலகக் கிண்ண இறுதியாட்டம் நடந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. அப்போது எங்கள் ஊரில் மின்சாரம் இல்லை. பட்டிருப்புப் பாலத்துக்கு அந்தப் பக்கம் பற்றரியைக் கொண்டுபோய் ஏற்றிவருவதும் இலேசான காரியமல்ல, ஏனென்றால் போர்க்காலச் சோதனைச் சாவடியில் பற்றரி என்பது விளக்கம் சொல்லவேண்டிய ஒரு பொருள். ஆகவே பெரியப்பாவின் உழவு இயந்திரத்தில் இருந்த பற்றரியைக் கழற்றி, பதினான்கு அங்குலக் கறுப்பு வெள்ளைப் பெட்டியோடு இணைத்து, விறாந்தையில் வைத்தார்கள். முற்றம் முழுவதும் ஆட்கள். பெட்டியின் பின்பக்கம் நின்று அன்டெனாவைத் திருப்பும் வேலை எனக்கு வாய்த்ததால், ஆட்டத்தின் முதற் பாதியை நான் பார்க்கவில்லை. பார்த்தவர்களின் முகங்களைத்தான் பார்த்தேன்.

பெட்டியிலிருந்து வந்த வர்ணனை ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் மாறி மாறி இருந்தது. முற்றத்தில் இருந்தவர்களில் இரண்டையும் புரிந்துகொள்ளக்கூடியவர் ஓய்வுபெறும் வயதை நெருங்கிக்கொண்டிருந்த ஒரு மாஸ்டர் மட்டுமே. அவர் கதிரையில் கால்மேல் கால் போட்டு அமர்ந்து, ஒவ்வொரு பந்துக்கும் எங்களுக்குத் தமிழில் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். வர்ணனையாளர் இரண்டு வார்த்தை பேசினால் மாஸ்டர் பத்து வார்த்தை பேசினார். முத்தையா முரளிதரன் பந்துவீச வந்தபோது அது இருபது வார்த்தையாயிற்று. முந்திய ஆண்டு மெல்பேர்னில் நடுவர் ஒருவர் முரளியின் பந்துகளை முறையற்றவை என்று அறிவித்த கதையையும், அதே அவுஸ்திரேலிய அணிக்கு எதிராக இன்று அவர் எப்படி வீசுகிறார் என்பதையும் பந்துக்கும் பந்துக்கும் இடையிலே சொல்லி முடித்துவிடுவார். முரளி அன்று 10 ஓவர்களில் 31 ஓட்டங்கள் மட்டும் கொடுத்து ஒரு விக்கெட் எடுத்தார் என்பது பதிவில் இருக்கிறது. மாஸ்டரின் வர்ணனையின்படி அவர் குறைந்தது நான்கு எடுத்திருக்கவேண்டும்.

அவுஸ்திரேலியா 241 ஓட்டங்கள். இலங்கை ஆடத் தொடங்கிய பிறகு பற்றரி இளகத் தொடங்கியது. பழைய குழாய்ப் பெட்டிகளில் மின்சாரம் குறையும்போது படம் நான்கு ஓரங்களிலிருந்தும் சுருங்கி நடுவுக்கு வரும். அரவிந்த டி சில்வா சதத்தை நெருங்க நெருங்க அவர் உருவம் சிறுத்துக்கொண்டே போய், கடைசியில் ஓர் ஒளிக்கோடாகி மறைந்தது. பிறகு வானொலி. அர்ஜுன ரணதுங்க, மெக்ராத்தின் பந்தைத் தேர்ட்மேன் பக்கம் தட்டிவிட்டு வெற்றி ஓட்டங்களைப் பெற்ற அந்தக் காட்சியைப் பல ஆண்டுகளுக்குப் பிறகுதான் யூடியூபில் பார்த்தேன். மாஸ்டர் அன்றிரவு சொன்னதை வைத்து என் மனத்தில் இருந்த அடி அதைவிட மிகவும் பெரியது. உண்மையான அடி, பந்தை மெல்லத் தடவி அனுப்பியது போன்றது. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகவே இருந்தது.

பிராந்திய ஒளிபரப்பு என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த மாஸ்டர்தான் நினைவுக்கு வருகிறார். எங்கள் பிராந்தியத்துக்கு ஆட்டத்தை ஒளிபரப்பியது எங்கோ இருந்த ஒரு கோபுரம். அதை எங்களுடையதாக ஆக்கியவர் கதிரையில் இருந்த அந்த மனிதர். இந்த இரண்டும் வேறு வேறு வேலைகள் என்பதைத் தொலைக்காட்சி நடத்துகிறவர்கள் அதிகம் உணர்ந்ததாகத் தெரியவில்லை.

இலங்கையில் தொலைக்காட்சி 1979இல் ஐ.ரி.என். மூலம் தொடங்கியது. 1982 பெப்ரவரியில் யப்பானிய உதவியுடன் ரூபவாஹினி வந்தது. நாட்டின் மிக உயர்ந்த மலையான பிதுருதலாகலையில் நிறுவிய கோபுரம் தலைநகரின் படங்களை வெகுதூரம் எறிந்தது. தமிழுக்கென்று தனி அலைவரிசைகள் பின்னால் வந்தன. 1998இல் சக்தி, 2009இல் வசந்தம் என்று அந்த வரிசை நீண்டது. இவை எல்லாம் கொழும்பில் இருந்துகொண்டு நாட்டுக்குப் பேசியவை. அதில் பிழை காண்பதற்கில்லை, பணமும் கலையகமும் அங்கேதான் இருந்தன. ஆனால் விளையாட்டு என்று வரும்போது தமிழ்ப் பார்வையாளன் ஒரு விசித்திரமான நிலையில் இருந்தான். நான் பாடசாலையில் படித்த காலத்தில், தமிழ் நிகழ்ச்சிகளுக்கு ஒதுக்கிய நேரத்தை ஒரு டெஸ்ட் போட்டியின் நேரடி ஒளிபரப்பு விழுங்கிவிடும். அப்படி விழுங்கிய போட்டியின் வர்ணனையும் தமிழில் இராது. கிரிக்கெட்டை விரும்பிய எனக்கு அது இன்பம், தமிழ்ச் செய்திக்காகக் காத்திருந்த அப்பாவுக்கு எரிச்சல். இருவரும் ஒரே பாயில் இருந்து ஒரே படத்தைப் பார்த்தோம்.

தமிழில் முழுநேர விளையாட்டு அலைவரிசை எங்களுக்கு வந்தது கொழும்பிலிருந்து அல்ல, கடல் கடந்து. 2017 மே மாதம் ஸ்டார் ஸ்போர்ட்ஸ் தமிழ் தொடங்கியபோது, மட்டக்களப்பிலும் கல்முனையிலும் காரைதீவிலும் அக்கரைப்பற்றிலும் இந்திய டிஷ்கள் ஏற்கெனவே கூரைகளில் பூத்திருந்தன. சட்டம் அதைப் பற்றி என்ன சொல்கிறது என்று யாரும் பெரிதாக விசாரித்ததில்லை. ரீசார்ஜ் செய்து தரும் கடை எது என்பதுதான் விசாரிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு ஐ.பி.எல். வந்ததும் ஸ்ரீகாந்த், பத்ரிநாத், ஹேமங் பதானி, ஆர்.ஜே. பாலாஜி ஆகியோரின் குரல்கள் எங்கள் ஒழுங்கையில் வீட்டுக்கு வீடு கேட்கத் தொடங்கின. ஆங்கிலம் புரியாமல் படத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த என் அம்மாவுக்கு ஐம்பத்தெட்டு வயதில் எல்.பி.டபிள்யூ. என்றால் என்னவென்று விளங்கியது அந்தக் குரல்களால்தான். அந்த நன்றியைச் சொல்லிவிட்டுத்தான் குறையைச் சொல்லவேண்டும்.

இந்தப் பலமொழி வர்ணனை எப்படி நடக்கிறது என்று அறிந்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. மைதானத்திலிருந்து வரும் படம் ஒன்றுதான். அதனுடன் மட்டையின் ஒலியும் பார்வையாளரின் ஆரவாரமும் மட்டும் கலந்து வருகின்றன. வர்ணனையாளர்களில் பெரும்பாலோர் மைதானத்திலேயே இல்லை. வேறொரு நகரத்தில் ஒரு கலையகத்தில் திரைக்கு முன்னால் அமர்ந்து, நாங்கள் பார்க்கும் அதே படத்தைப் பார்த்துக்கொண்டு பேசுகிறார்கள். அப்படியானால் என் பெரியப்பாவின் விறாந்தையில் மாஸ்டர் செய்ததும் தொழில்முறையில் அதே வேலைதான். சம்பளம் மட்டும் கிடைக்கவில்லை. ஒரு படத்துக்குப் பத்துக் குரல் கொடுப்பது, பத்துப் படம் எடுப்பதோடு ஒப்பிட்டால் மிகவும் மலிவானது. ஒவ்வொரு குரலும் புதிய விளம்பரதாரரைக் கொண்டுவருகிறது. 2018 முதல் ஐந்து ஆண்டுகளுக்கான ஐ.பி.எல். உரிமைக்கு ஸ்டார் நிறுவனம் 16,347.5 கோடி இந்திய ரூபாயை ஒப்புக்கொண்டது. அதற்கடுத்த ஐந்து ஆண்டுகளுக்கான உரிமைகள் தொலைக்காட்சிக்கும் இணையத்துக்கும் பிரித்து ஏலம் விடப்பட்டு மொத்தம் 48,390 கோடிக்குப் போயின. இவ்வளவு பணத்தைக் கொட்டியவர்கள் கிராமத்து வீட்டுக்குள்ளும் நுழைந்தே ஆகவேண்டும், அதற்கு அந்த வீட்டின் மொழி தேவை. மொழிப்பற்று இதில் சிறு பங்குதான். நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை. சந்தை திறந்த கதவென்றாலும் கதவு கதவுதான்.

குறை வேறிடத்தில் இருக்கிறது. கதவு வழியாக வந்த தமிழ் சென்னையின் தமிழ். நாங்கள் துடுப்பாட்டம் என்று எழுதிப் படித்ததை அது பேட்டிங் என்றது. களத்தடுப்பு ஃபீல்டிங் ஆயிற்று. உதைபந்தாட்டம் கால்பந்து ஆயிற்று. ஈழத்துத் தமிழ்ப் பத்திரிகைகளின் விளையாட்டுப் பக்கங்கள் பல பத்தாண்டுகளாகப் புழங்கிப் பழக்கிய சொற்கள் இவை. கலைச்சொல்லாக்கத்துக்காக 1936இல் சென்னையில் கூடிய மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய விபுலானந்த அடிகள் பிறந்த காரைதீவு இங்கிருந்து பேருந்தில் சிறிது தூரம்தான். அந்த ஊர்ப் பிள்ளைகளே இன்று விக்கெட் காப்பாளர் என்ற சொல்லைப் பரீட்சைத் தாளில் மட்டும் எழுதுகிறார்கள். சொற்கள் போவதுகூடப் பரவாயில்லை, மொழி ஆற்றைப் போன்றது, வேண்டியதைக் கொண்டுபோகும். எனக்கு உறுத்துவது, அந்த வர்ணனையில் வரும் உள்ளூர்ச் செய்திகள். சேப்பாக்கத்தின் காற்று, திருநெல்வேலி மைதானத்தின் ஆடுகளம், ஒரு வீரர் படித்த பள்ளிக்குப் பக்கத்தில் இருந்த தேநீர்க் கடை என்று அவர்கள் தங்கள் ஊரைப் பற்றிப் பேசும்போது அது உண்மையான பிராந்திய ஒளிபரப்பாகிறது. ஆனால் அந்தப் பிராந்தியம் என்னுடையதல்ல. மொழி ஒன்றாக இருப்பதால் இடமும் ஒன்றாகிவிடாது.

2023இல் ஐ.பி.எல். இணையத்தில் பன்னிரண்டு மொழிகளில் வந்தது. அவற்றில் ஒன்று போஜ்புரி. நடிகர் ரவி கிஷன் அந்த மொழியில் செய்த வர்ணனை இந்தியா முழுவதும் பேசப்பட்டது. போஜ்புரி தனிமொழியா, இந்தியின் கிளையா என்று அறிஞர்கள் வாதிட்டுக்கொண்டிருக்கும்போதே, கிராமத்துப் பேச்சு பளபளக்கும் ஓர் ஒளிபரப்பில் ஏறி அமர்ந்துவிட்டது. அந்த வர்ணனையை எனக்கு யாரோ அனுப்பியபோது ஒரு சொல்லும் விளங்கவில்லை, ஆனாலும் மூன்று முறை கேட்டேன். பிறகு என்பதை மறுகா என்றும், மகனே என்பதை மனே என்றும் பேசும் எங்கள் மட்டக்களப்புத் தமிழுக்கு அப்படி ஒரு மைக் கிடைக்குமா என்ற எண்ணம் எழுந்தது. கிடைத்தது, ஆனால் ஏலத்தில் அல்ல.

அதற்கு முன் 2022ஐப் பற்றி ஒரு வார்த்தை. மார்ச் மாத முடிவில் நாடு முழுவதும் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேர மின்வெட்டு வந்தபோது பெட்டி, டிஷ், அன்டெனா எல்லாம் ஒரே நேரத்தில் ஊமையாயின. ரூபாய் விழுந்ததில் இந்திய ரீசார்ஜின் விலையும் எங்கள் கைக்கு எட்டாமற் போனது. தொலைபேசியின் பற்றரியில் மிஞ்சியிருந்ததைக் கொண்டு ஓட்ட எண்ணிக்கையை மட்டும் பார்த்தோம். அந்தக் காலம் என்னை மீண்டும் 1996இன் விறாந்தைக்குக் கொண்டுபோனது. 2022 செப்டெம்பர் 11, அதுவும் ஞாயிற்றுக்கிழமை, பொருளாதார நெருக்கடியால் ஐக்கிய அரபு இராச்சியத்துக்கு மாற்றப்பட்ட ஆசியக் கிண்ணத்தின் இறுதியாட்டத்தில், துபாயில், இலங்கை பாகிஸ்தானை 23 ஓட்டங்களால் வென்றது. அதே நாளில் சிங்கப்பூரில் எங்கள் வலைப்பந்தாட்ட அணி ஆசியக் கிண்ணத்தை 63க்கு 53 என்ற கணக்கில் வென்றது. அந்த அணியில் யாழ்ப்பாணத்தின் தர்ஜினி சிவலிங்கம் இருந்தார். எங்கள் ஒழுங்கை முழுவதும் கிரிக்கெட்டைப் பந்து பந்தாகப் பார்த்தது. வலைப்பந்தாட்ட வெற்றியை ஒரு வரிச் செய்தியாகத் தொலைபேசியில் படித்தது. தமிழ்ப் பெண் ஒருவர் அவ்வளவு உயரத்தில் நின்று ஆடிய இறுதியாட்டத்தை நான் பார்க்கவில்லை என்பதை இன்று எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

இனி எங்கள் மைக்கின் கதை. மூன்று ஆண்டுகளுக்கு முன், சித்திரைப் புத்தாண்டையொட்டி எங்கள் ஊர்க் கழகம் நடத்திய மென்பந்துச் சுற்றுப்போட்டியை நேரலையாகக் காட்டலாமா என்று இளைஞர்கள் கேட்டார்கள். அதற்கு முன்னர் கொழும்பிலுள்ள ஓர் அலைவரிசையிடம் கேட்டுப் பார்த்திருந்தோம். அனுசரணையாளர் ஒருவரைக் கூட்டிவந்தால் இரண்டு நிமிடச் செய்தியாகப் போடலாம் என்றார்கள். ஐந்து நாள் நடந்த ஆட்டத்துக்கு இரண்டு நிமிடம். அதையும் நாங்களே படம்பிடித்து அனுப்பினோம், வந்ததாக எவரும் கண்டதில்லை. ஆகவே ஒரு தொலைபேசி, ஒரு மடிக்கணினி, கடன் வாங்கிய ஒலிக்கலவைக் கருவி ஆகியவற்றுடன் நாங்களே தொடங்கினோம். மடிக்கணினிக்குப் பக்கத்தில் குந்தியிருக்கும் வேலை எனக்கு. அன்டெனா திருப்பிய பழைய அனுபவம் போதும் என்று சொல்லிவிட்டார்கள்.

முதல் நாள் கற்ற பாடம், சித்திரை வெயிலில் தொலைபேசி முக்கால் மணிநேரத்துக்கு மேல் தாங்காது என்பது. சூடேறி அது தானாகவே அணைந்துவிடும். மறுநாள் அதற்குக் குடை பிடிக்க ஒரு பையனை நியமித்தோம். ஆடுகளத்தின் முனையில் உழவு இயந்திரப் பெட்டியை நிறுத்தி, அதன்மேல் ஒரு மேசையை வைத்து, மேசைமேல் தொலைபேசியைக் கட்டினோம். பந்துவீச்சாளரின் முதுகுக்குப் பின்னாலிருந்து பார்த்தால்தான் பந்து திரும்புவது தெரியும் என்பதால் உயரம் அவசியம். இலவச மென்பொருளான ஓ.பி.எஸ்ஸும் ஓட்டக் கணக்கு வைக்கும் ஒரு செயலியும் சேர்ந்து, திரையின் அடியில் ஓட்ட எண்ணிக்கையைக் காட்டின. அது வந்ததும் எங்கள் மணல்தரை மைதானம் ஏதோ சர்வதேச அரங்கம் போலத் தோற்றம் கொண்டுவிட்டது. ஓர் எண்ணிக்கைப் பட்டிக்கு இவ்வளவு மதிப்பா என்று நான் வியந்தேன்.

இணையத் தொடர்பு எங்களை விசித்திரமாக ஏமாற்றியது. காலையில் மைதானத்தில் ஐம்பது பேர் இருக்கையில் படம் கண்ணாடி போலப் போகும். இறுதியாட்டத்தின் கடைசி ஓவரில், அதாவது உலகம் முழுவதும் பார்க்கும் வேளையில், படம் உறைந்து நிற்கும். ஏனென்றால் அப்போது மைதானத்தில் நிற்கும் அறுநூறு பேரும் தங்கள் தொலைபேசிகளில் அதே கோபுரத்தைப் பயன்படுத்திப் படம் அனுப்பிக்கொண்டிருப்பார்கள். இதற்குத் தீர்வு தந்தவர் மைதானத்துக்கு அடுத்த வளவில் இருக்கும் ஒரு மாமி. அவர் வீட்டுக் கம்பித் தொடர்பிலிருந்து வேலிக்கு மேலால் நூறு மீற்றர் வயர் இழுத்தோம். அந்த வகை வயர் நூறு மீற்றருக்கு மேல் ஒழுங்காக வேலை செய்யாது என்பதால், உழவு இயந்திரப் பெட்டி ஆடுகளத்தின் எந்த முனையில் நிற்கும் என்பதை மாமியின் வேலிதான் தீர்மானித்தது. இன்றும் எங்கள் ஒளிபரப்பில் கமரா தெற்கு முனையில் மட்டும் இருப்பதற்கு வேறு எந்தக் காரணமும் இல்லை.

இன்னொரு தொல்லை பாட்டு. சுற்றுப்போட்டி என்றால் ஒலிபெருக்கியில் சினிமாப் பாட்டு ஓடாமல் இராது. அந்தப் பாட்டு எங்கள் மைக்கில் கலந்ததும், பதிப்புரிமை காக்கும் இயந்திரம் எங்கோ ஓரிடத்திலிருந்து அதைக் கண்டுபிடித்து, எங்கள் ஒலியை முழுவதுமாக அடைத்துவிட்டது. ஆறு ஓட்டம் அடித்தவன் ஊமைப்படத்தில் அடித்தான். மறுநாளிலிருந்து பறைமேளம் அடிப்பவர்களைக் கூப்பிட்டு இடைவேளைகளை நிரப்பினோம். அது அவசரத்துக்குச் செய்தது. ஆனால் சுவிற்சர்லாந்திலிருந்து வந்த செய்திகளில் மேளத்தை நிறுத்தவேண்டாம் என்ற வேண்டுகோள்தான் அதிகம்.

வெளிநாடுகளில் இருப்பவர்கள் பார்ப்பார்கள் என்று எண்ணித்தான் தொடங்கினோம். அவர்கள் எதைப் பார்ப்பார்கள் என்பதை எண்ணவில்லை. இங்கே மாலை நான்கு மணி என்றால் கோடையில் சூரிச்சில் பகல் பன்னிரண்டரை, ரொறன்ரோவில் காலை ஆறரை. அந்த நேரத்தில் எழுந்து உட்கார்ந்திருப்பவர் ஓட்ட எண்ணிக்கை எவ்வளவு என்று கேட்பதில்லை. கமராவைக் கொஞ்சம் வேப்பமரத்துப் பக்கம் திருப்புங்க என்கிறார். அந்த மரம் இன்னும் நிற்கிறதா என்று பார்க்கவேண்டுமாம். இன்னொருவர், எல்லைக்கோட்டுக்கு அருகில் குடையோடு நிற்பது தன் அக்காவா என்று கேட்டார். ஓவர் முடிந்ததும் கமராவைத் திருப்பினோம். அக்காதான். இதை எந்த விளையாட்டுத் தொலைக்காட்சியும் செய்யாது, செய்யவேண்டியதும் இல்லை. நாங்கள் செய்தோம்.

வர்ணனைக்கு வந்த பையன் முதல் நாள் முழுவதும் சென்னைக் குரலில் பேசினான். மச்சி, வேற லெவல், தெறிக்க விட்டுட்டாப்ல என்று அவன் பேசப் பேச, சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பாவம், அவனுக்கு வர்ணனை என்றால் அதுதான் என்று பழகியிருந்தது. இரண்டாம் நாள் பிற்பகலில் களைத்துப் போனபோதுதான் தன்னையறியாமல் சொந்தப் பேச்சுக்கு வந்தான். “மறுகா வாறான் கா நம்மட இடக்கையன். இவன்ட பந்து நேரா வராது மனே, குளத்தடிக்குப் போயிட்டு வளைஞ்சுதான் வரும்.” அந்த ஒரு வரிக்கு மைதானமே கைதட்டியது. ஆட்டக்காரர்களை அவன் சட்டை இலக்கத்தால் அடையாளம் காட்டவில்லை. இன்னாருடைய கடைசி மகன், இன்ன வயலில் வெள்ளாமை செய்பவன், போன மாரியில் வாவியில் தோணி கவிழ்ந்தபோது இருவரைக் காப்பாற்றியவன் என்றுதான் காட்டினான். கொம்புமுறி விளையாட்டில் வடசேரியும் தென்சேரியும் ஒன்றையொன்று பாட்டால் நையாண்டி செய்த மண்ணுக்கு இது புதிதல்ல என்று அருகில் நின்ற ஒரு பெரியவர் சொன்னார். எனக்கும் அப்படித்தான் பட்டது.

எல்லாம் இனிமையாக நடந்தது என்று எழுதினால் பொய்யாகிவிடும். ஓர் அரையிறுதியில் நடுவராக நின்றவர் தவறான ஆட்டமிழப்பு ஒன்றைக் கொடுத்தார். முன்பென்றால் மைதானத்தில் கத்திவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். இப்போது அந்தப் பந்தை வெட்டியெடுத்து, மெதுவாக ஓடவிட்டு, கெட்ட வார்த்தைகள் சேர்த்து இரவெல்லாம் பகிர்ந்தார்கள். அடுத்த நாள் அவர் வரவில்லை. அதற்கடுத்த ஆண்டும் வரவில்லை. கூலி வாங்காமல் வெயிலில் நின்ற ஒரு மனிதரை எங்கள் கமரா ஊரைவிட்டு ஒதுக்கிவைத்தது. பெரிய தொலைக்காட்சிகளில் நடுவருக்குத் துணையாக மறுபரிசீலனை இருக்கிறது, தவறு திருத்தப்படுகிறது. எங்களிடம் தவறைக் காட்டும் கருவி மட்டும் இருந்தது. அதன் பிறகு, ஆட்டம் முடிந்ததும் பதிவை ஒரு வாரம் மூடி வைத்துவிட்டுத்தான் திறப்பது என்று தீர்மானித்தோம். இதற்குச் சிலர் எதிர்ப்புச் சொன்னார்கள். நான் என் தீர்மானத்தில் நிற்கிறேன்.

எங்களுக்கு முன்பே எங்கள் கரையிலிருந்து உலகத்துக்கு நேரலை போயிருக்கிறது. 2019 செப்டெம்பரில் உலக அலைச்சறுக்கு லீக் அம்பாறை மாவட்டத்தின் அறுகம்பையில் ஒரு தகுதிச்சுற்றுப் போட்டியை நடத்தியது. பொத்துவில் பிள்ளைகள் நாள்தோறும் விளையாடும் அலைகளில் பல நாட்டு வீரர்கள் சறுக்கினார்கள். அந்தக் கரையில் பிறந்து வளர்ந்தவர்களில் பெரும்பாலோர் தமிழில் பேசுபவர்கள். அலை எப்போது எழும், எந்த மாதத்தில் எந்தப் பக்கம் உடையும் என்பதை அங்குள்ள மீனவர் சொல்லக்கூடிய அளவுக்கு எந்த வர்ணனையாளரும் சொல்லமாட்டார். ஆயினும் அவர் கையில் மைக் இல்லை.

இன்னும் பழைய இழப்பு ஒன்று உண்டு. மட்டக்களப்பு நகரில் உள்ள வெபர் மைதானத்தின் பெயர், இங்கு பணியாற்றிய இயேசுசபைத் துறவி ஒருவரின் பெயர். அதே சபையைச் சேர்ந்தவரும் அமெரிக்காவின் லூயிசியானா மாநிலத்தவருமான யூஜின் ஹெபர்ட் அடிகளார் புனித மிக்கேல் கல்லூரியின் கூடைப்பந்தாட்ட அணிகளைப் பயிற்றுவித்தவர். அவர் 1990 ஓகஸ்ட் 15 அன்று வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்கு வரும் வழியில் காணாமற் போனார். அவருடைய பிள்ளைகள் கொழும்பு அணிகளைத் தோற்கடித்த ஆட்டங்களைப் பற்றி மாமாமார் கதை கதையாகச் சொல்வார்கள். அந்த ஆட்டங்களின் அசையும் படம் ஒன்றுகூட, நான் தேடியவரையில், எனக்குக் கிடைக்கவில்லை. ஆகவே எங்கள் மென்பந்துச் சுற்றுப்போட்டியின் பதிவுகளை இரண்டு வன்தட்டுகளில் ஏற்றி, ஒன்றைக் கழக அலுமாரியிலும் மற்றதை என் வீட்டிலும் வைத்திருக்கிறேன். முகநூலில் இருப்பது நம் கையில் இருப்பதாகாது.

எண்முறைத் தொலைக்காட்சி வந்தால் இதெல்லாம் மாறும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். யப்பானிய முறையை இலங்கை தெரிவு செய்தது 2014இல். அந்த முறையில், இப்போது ஓர் அலைவரிசை பிடித்திருக்கும் இடத்தில் பல நிகழ்ச்சிகளை ஒரே நேரத்தில் அனுப்பலாம். மாவட்டத்துக்கென்று ஒரு நிகழ்ச்சி வரிசை நடத்துவதற்கு இடம் கிடைக்கும். கொழும்பில் தாமரைக் கோபுரம் எழுந்து நிற்கிறது. ஆனால் இதை எழுதும்வரை தையற்கார அக்காவின் அன்டெனாவுக்கு வருவது பழைய அனலாக் அலைதான். அது அவருக்கு வசதி. எண்முறை வந்துவிட்டால் ஒழுங்கையில் முதலில் கத்தும் உரிமையை அவர் இழந்துவிடுவார்.

இந்த ஆண்டு இறுதியாட்டத்தன்று இடைவேளையில் மாஸ்டரைப் பார்க்கப் போனேன். எண்பதைக் கடந்துவிட்டார். கண் மங்கியிருக்கிறது, நடக்க முடியாது. அவர் வீடு மைதானத்தின் கிழக்கு வேலியோடு இருக்கிறது. விறாந்தையில் அதே மாதிரிக் கதிரை, மடியில் பேத்தியின் தொலைபேசி, அதில் எங்கள் ஒளிபரப்பு. மைதானத்தின் ஒலிபெருக்கி வேலிக்கு மேலால் நேராகவே அவர் காதுக்கு வருகிறது. தொலைபேசியில் அதே குரல் இருபது வினாடி கழித்து வருகிறது. ஆட்டம் மீண்டும் தொடங்கியதும் வேலிக்கு அப்பால் பெருங்கூச்சல் எழுந்தது. யாரோ ஆட்டமிழந்துவிட்டார். மாஸ்டர் திரையைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோய், கையை உயர்த்தி, பேத்தியைப் பேசவேண்டாம் என்று அடக்கினார்.

“சத்தம் வந்திட்டு மனே,” என்றார். “படம் இன்னும் வரல்ல. வரட்டும், எப்படி விழுந்த எண்டு நான் சொல்றன்.”